முதுகில் நீர் எடுத்த பின் தலைவலி: மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. காய்ச்சல், கடும் தலைவலி என்று தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு படிவத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே, உட்கார்ந்தால் தலை வெடிக்கிறது, படுத்தால்தான் தேவலை என்று துடித்தான். போன் செய்தோம். "வலி மாத்திரை போடுங்க" என்றதோடு சரி. பல நாள் வேலைக்குப் போகவில்லை. வேறு மருத்துவமனையில் அவன் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்திய பிறகுதான் குணமானது. ஊசியைத் தவறாகப் போட்டதற்கு வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: தலைவலி வந்ததை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது, அம்மா. ஊசி துளைத்த இடத்தில் தண்டுவட நீர் கசிவதால் வருவது அது. சரியாகப் போட்டாலும் சிலருக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். அடங்காதவர்களுக்குக் கசிவை அடைக்கவே ரத்தத்தைச் செலுத்துகிறார்கள். தெரிந்த பக்கவிளைவு வந்ததாலேயே மருத்துவர் கவனக்குறைவாக நடந்தார் என்று ஆகிவிடாது. போலீஸ் புகாரும் வேண்டாம். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் வழக்குக்கு ஒரு பிடி அந்தப் படிவத்தில் இருக்கிறது. ஊசி போடும்போது மகன் நினைவோடு, பேசும் நிலையில் இருந்தாரா? இருந்தார் என்றால் ஒப்புதல் தர வேண்டியவர் அவர்தான். பெற்ற தாயானாலும் உங்கள் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் நடந்ததும் இதுதான். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை அகற்றினார்கள். அவசரம் ஏதும் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். என்ன செய்யப் போகிறோம், ஏன், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா என்று நோயாளிக்கே புரியச் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. ஆனால் 25 லட்சம் கேட்ட அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான்; மருத்துவர் தன் கட்டணத்தையும் இழந்தார். பெருந்தொகையை எதிர்பார்த்து இறங்காதீர்கள்.

என் கணிப்பில், அதைவிட வலுவானது போனில் நடந்தது. உட்கார்ந்தால் வலி, படுத்தால் குறைவு என்று சொன்ன பிறகும் நேரில் வரச் சொல்லிப் பார்க்காதது சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். போன் அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், இரண்டாவது மருத்துவமனையின் பில், சம்பளம் பிடித்த ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

புகாரை விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. புகார்தாரர் மகனாகவே இருக்கட்டும்.

முதல் வேலை, கேஸ் ஷீட் நகல். மகன் கையெழுத்திட்டு எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. விண்ணப்பத்தைக் கொடுத்ததும் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.