மரத்தை வெட்டாமல் அளப்பது எப்படி?

சர்வே என்றதும் நம் நினைவுக்கு வருவது செயின், காம்பஸ், தியோடலைட். இவற்றால் நிலத்தை அளக்கிறோம். நிற்கிற மரத்தில் எத்தனை கன மீட்டர் கட்டை இருக்கிறது என்று அளக்க முடியுமா? சாதாரணக் கேமராவே அதற்குப் போதும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வழக்கமான முறை

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி மரத்தின் சுற்றளவை எடுப்பது நம் நாட்டு வனத்துறையின் வழக்கம். இதற்கு மார்பு உயரச் சுற்றளவு என்று பெயர். மர வியாபாரத்தில், வெட்டிய கட்டையின் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 120 செ.மீ. சுற்றளவும் 5 மீட்டர் நீளமும் உள்ள கட்டைக்கு இந்தக் கணக்கில் 0.45 கன மீட்டர் வரும். உருளைச் சூத்திரப்படி போட்டால் 0.573 வரும். அறுக்கும்போது போகும் சேதாரத்துக்காக இந்த 21 சதவீதத்துக்கு மேலான குறைவு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் விற்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியவன் நான்தான் முதல். என் மாமா வரப்பில் நின்ற இரண்டு தேக்கு மரங்களை விற்றபோது, வந்த புரோக்கர் கண்ணாலேயே பார்த்து ஒரு விலை சொன்னார். மாமாவும் சரி என்று கொடுத்துவிட்டார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றார். அளவு தெரியாதவனுக்கு விலையும் தெரியாது.

கேமரா எப்படி அளக்கிறது?

ஒரு விரலை முகத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியதுபோல் தெரியும். இதுதான் இடமாறு தோற்றம். பொருள் அருகில் இருந்தால் மாற்றம் அதிகம், தூரத்தில் இருந்தால் குறைவு. 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டு, அதன் பிறகு கோணங்களாலேயே தூரங்களைக் கணக்கிட்டாரே, அந்த முக்கோணம்தான் இங்கேயும். இரண்டு கேமராக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே நம் அடிக்கோடு.

தூரம் = அடிக்கோடு × குவியத் தூரம் ÷ புள்ளி நகர்ந்த அளவு. அடிக்கோடு 0.5 மீட்டர், குவியத் தூரம் 4000 பிக்சல், நகர்வு 200 பிக்சல் என்றால் மரம் 10 மீட்டரில் இருக்கிறது. நகர்வில் ஒரு பிக்சல் தவறினால் பிழை 5 செ.மீ. அதே கேமராவில் 20 மீட்டரில் உள்ள மரத்துக்கு ஒரு பிக்சல் தவறினால் பிழை 20 செ.மீ. அதாவது தூரம் இரண்டு மடங்கானால் பிழை நாலு மடங்கு. அடிக்கோட்டை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாகக் குறையும்.

இப்போது செல்போன் கேமராவே போதும். மரத்தைச் சுற்றி நடந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வரும்படி பல படங்கள் எடுக்க வேண்டும். மரப்பட்டையில் உள்ள ஒரே புள்ளியைப் பல படங்களிலும் கம்ப்யூட்டர் தேடிப் பிடித்து, முப்பரிமாணத்தில் லட்சக்கணக்கான புள்ளிகளாக மரத்தை எழுப்பிவிடும். நம் ஊர்த் தோல் தொழிற்சாலைகளில், ஓரம் வளைந்து நெளிந்த தோலை மெஷினில் விட்டுச் சதுர அடி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல கோணல்மாணலான மரத்துக்கும் இதில் அளவு வந்துவிடும். வெட்ட வேண்டியதில்லை.

படத்தை வைத்துக் காட்டை அளப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் படிக்கக் கற்றுத்தர 1966-லேயே டேராடூனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1981-ல் இந்திய வன அளவை நிறுவனமும் அங்கேயே ஏற்பட்டது.

கேமராவுக்குத் தெரியாதவை

முதலாவது, மரத்தின் உள்பக்கம். சந்தன மரத்தின் மதிப்பு அதன் வைரத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் நிற்கும் சந்தனத்தை எத்தனை படம் எடுத்தாலும் உள்ளே வைரம் எவ்வளவு என்று தெரியாது. பொந்தும் தெரியாது. காற்றில் இலை ஆடினாலும், புதர் மறைத்தாலும் கணக்கு கெடும்.

இரண்டாவதுதான் முக்கியம். ஒரே கேமராவோடு சுற்றி வந்தால் அடிக்கோட்டின் நீளம் நமக்குத் தெரியாது. படம் மரத்தின் வடிவத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. அது பெரிய மரமா, பொம்மை மரமா என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீளம் தெரிந்த ஒரு பொருளை மரத்தின் பக்கத்தில் வைத்தால்தான் அளவு பிறக்கும். அந்த நீளத்தில் 2 சதவீதம் தவறினால் கன அளவில் 6 சதவீதம் தவறும், ஏனென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அந்தப் பிழை ஏறுகிறது.

ஆகவே, "எல்லாம் கேமராவே செய்துவிட்டால் டிப்ளமா படித்த நமக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: கேமராவுக்கே அளவு சொல்லித் தருவது நம் கையில் உள்ள டேப்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

20 செ.மீ. பட்டைகள் கொண்ட ரேஞ்சிங் ராடை நம் வளாகத்து வேப்பமரத்தின் அருகே நிறுத்துங்கள். சுற்றி வந்து ஐம்பது படம் எடுங்கள். கம்ப்யூட்டர் தரும் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பால் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் ராடைச் சரிபாருங்கள். பழகிய பிறகு உங்கள் ஊரில் மரம் விற்கப்போகும் ஒருவருக்கு, விலை பேசுவதற்கு முன்னால், இலவசமாக அளந்து கொடுங்கள்.