ஒன்பதுக்குப் பிறகு

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது விக்கெட் எடுத்தாய். பத்தாவதை எதிர்முனையில் போட்ட பையன் எடுத்துவிட்டான். ஸ்டம்ப் சாய்ந்ததும் எல்லாரும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்கள். நீ மட்டும் மலையைப் பார்த்தபடி பாயிண்டிலேயே நின்றாய். பிறகு என்னிடம் வந்து, "அவன் வைடா போட்டிருக்கலாம்ல சார்?" என்றாய். வெயிலில் நாள் முழுக்க அம்பயராக நின்ற களைப்பில் அப்போது பதில் சொல்லவில்லை.

கும்ப்ளேவை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பாய். 1999 பிப்ரவரி 7, டெல்லி கோட்லா மைதானம். பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி 101 ரன் எடுத்திருந்தது. மதிய உணவுக்குப் பிறகு கும்ப்ளே முனை மாறிப் போட்டார். 128க்கு ஆறு பேர் காலி. ஒன்பது விழுந்ததும் எதிர்முனையில் ஸ்ரீநாத் வேண்டுமென்றே ஸ்டம்பை விட்டு விலக்கிப் போட்டார். அடுத்த ஓவரில் வாசிம் அக்ரம் ஷார்ட் லெக்கில் லக்ஷ்மணிடம் கேட்ச். 74 ரன்னுக்குப் பத்து. ஆனால் இலக்கு 420, பாகிஸ்தான் சுருண்டதோ 207இல். வைடு போட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு ரன் கையிருப்பு. நம் ஆட்டத்தில் எதிரணிக்குப் பாக்கி பதினொரு ரன். அந்தப் பையன் எதை விட்டுக்கொடுப்பான்?

விட்டுக்கொடுத்தாலும் நடக்கும் என்று இல்லை. 2002 ஜனவரி, கண்டி. ஜிம்பாப்வேக்கு எதிராக முதல் நாளே முரளிதரன் ஒன்பது எடுத்துவிட்டார். சொந்த ஊர். மறுநாள் காலை அவர் பந்தில் ஷார்ட் லெக்கில் வந்த கேட்சை ரசல் ஆர்னால்ட் தவறவிட்டார். எதிர்முனையில் வாஸ் விலக்கித்தான் போட்டார். ஒலங்கா மட்டையை நீட்ட, பந்து விளிம்பில் பட்டு, கீப்பர் கையில் போய் உட்கார்ந்தது. முரளி 51க்கு ஒன்பதோடு நின்றார். அதற்கு முன் 1998இல் ஓவலிலும் 65க்கு ஒன்பது. மிச்சமிருந்த ஒருவர் ரன் அவுட். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவருக்குக் கடைசிவரை ஓர் இன்னிங்ஸில் பத்து வாய்க்கவில்லை.

எனக்கு இன்னும் பிடித்த கதை டோனி லாக்குடையது. 1956இல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்தார். அதே ஆடுகளத்தில் எதிர்முனையிலிருந்து லாக் 69 ஓவர் போட்டார், வெறியோடு போட்டார். கிடைத்தது ஒன்று! அவருக்கு இன்னும் ஒன்றிரண்டு மாட்டியிருந்தால் லேக்கரின் கணக்கு அங்கேயே உடைந்திருக்கும்.

கிரிக்கெட்டில் மட்டுமில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், பேஸ்பாலின் உலகத் தொடரில், டான் லார்சன் 27 பேரை வரிசையாக வெளியேற்றினார். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. சக வீரர் மிக்கி மேன்டில் ஓடிப்போய்ப் பிடித்த ஒரு கேட்ச் நழுவியிருந்தால் அதுவும் இல்லை. அந்த லார்சன் தன் வாழ்நாளில் வென்றது 81 ஆட்டம், தோற்றது 91.

பத்து கிடைத்தாலும் எல்லாம் கிடைத்துவிடாது. 2021இல் மும்பையில் பத்து விக்கெட் எடுத்த நியூசிலாந்தின் அஜாஸ் படேலைப் பார். பிறந்த ஊரில் எடுத்தார். இந்திய வீரர்கள் கையெழுத்திட்ட சட்டையை அஸ்வின் கொடுத்தார். ஆனால் அஜாஸின் அணி 62க்குச் சுருண்டு 372 ரன்னில் தோற்றது. அடுத்த தொடர் நியூசிலாந்து மண்ணில். சுழலுக்கு அங்கே வேலையில்லை என்று அவரை அணியிலேயே சேர்க்கவில்லை.

இப்போது உன் பந்துக்கு வருகிறேன். உன் முனையில் நின்றவன் என்பதால் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது விக்கெட் வரை பந்தைத் தூக்கிப் போட்டாய். மேட்டிங்கில் விழுந்து நின்று திரும்பியது. எட்டாவதுக்குப் பிறகு எண்ண ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது. கை வேகமாகிவிட்டது, பந்து தட்டையாக, ஷார்ட்டாக விழுந்தது. பதினோராவது ஆட்டக்காரனே உன்னை இரண்டு தடவை கட் அடித்தான். அதில்தான் போனது உன் பத்து.

உன் ஒன்பதில் ஐந்து கேட்ச். அதில் மூன்றை சில்லி பாயிண்டில் ஹெல்மெட் இல்லாமல் குனிந்து பிடித்தவன் யார் என்று ஸ்கோர் புத்தகத்தில் பார்த்துக்கொள். பத்தாவதை எடுத்தானே, அவன்தான்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேட்டிங் விரிக்க வா. சனி ராத்திரி பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. அவனையும் உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வா. ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும்.