கத்திரி வெயில்: தண்ணீர் உடம்பைக் காக்கும் விதமும் நாம் செய்ய வேண்டியதும்

மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை அக்னி நட்சத்திரம். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கங்களில் இந்த நாட்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் முன்கூட்டியே தயாராகும் நாம் வெயிலுக்கும் தயாராக வேண்டும்.

வெயிலுக்குத் தண்ணீர்தான் மருந்து என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படி மருந்தாகிறது என்று புரிந்துகொண்டால், எதை எவ்வளவு குடிப்பது, எதைத் தவிர்ப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

உடம்பைக் குளிர்விப்பது எது?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 7 டிகிரி தண்ணீரை ஒரு லிட்டர் குடிக்கிறோம். அது உடம்பின் 37 டிகிரிக்கு வந்து சேர 30 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதே ஒரு லிட்டர் வியர்வையாக வெளிவந்து தோலின் மேல் காய்ந்தால், சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஏறக்குறைய இருபது மடங்கு!

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பிடித்திருக்கின்றன. பிடியை விடுவித்து ஆவியாக்க ஏராளமான வெப்பம் வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரைவிட எடை கூடிய மூலக்கூறு. ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீரோ 100 டிகிரி வரை தாங்குகிறது. அந்தப் பிடிமானம் இல்லாவிட்டால் பூமியில் கடலும் இல்லை, உயிரும் இல்லை.

ஆகவே குடிக்கும் தண்ணீர் எத்தனை சில்லென்று இருக்கிறது என்பது முக்கியமல்ல. வியர்ப்பதற்கு உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 50 கிலோ எடையுள்ளவர் ஒரு லிட்டர் இழந்தாலே சோர்வும் கவனக்குறைவும் தெரியத் தொடங்கும். வெயிலில் கடும் வேலை செய்பவர் ஒரு மணி நேரத்தில் அதற்கு மேலும் இழக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை:

- வெளியே கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.
- வயல், கட்டடம், சாலை வேலையில் இருப்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்கட்டும்.
- ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம்.
- சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

உப்பை மறக்காதீர்கள்

ஒரு லிட்டர் வியர்வையோடு, ஆளைப் பொறுத்து, 1 முதல் 4 கிராம் வரை உப்பும் வெளியேறுகிறது. வியர்த்துக் கொட்டியவர் வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம்.

குடலில் இன்னொரு அதிசயம் நடக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஒன்றாக வந்தால், குடல் அவை இரண்டையும் ஒரே வாசல் வழியே உள்ளே இழுக்கிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் விரைந்து போகிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்த உண்மையை நம்பிச் சர்க்கரை, உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இதுதான்.

பொட்டலம் கையில் இல்லாதபோது வீட்டிலேயே கலக்கலாம். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பொட்டலம் வாங்கினால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். அரை டம்ளரில் கரைத்துக் கொடுப்பது தவறு. பழச்சாறு போல அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

அன்றாடத்துக்கு உப்பிட்ட நீர்மோரும் பழைய சோற்று நீராகாரமும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் நன்றாக வியர்த்தவருக்கு இளநீர் மட்டும் போதாது. உப்பிட்ட மோரோ கஞ்சியோ சேர வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம். இரத்த அழுத்தம், இதய நோய்க்காக உப்பையோ தண்ணீரையோ குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வை காய வேண்டும்

வழிந்து சொட்டும் வியர்வை குளிர்ச்சி தராது. காயும் வியர்வைதான் தரும். மண்பானையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நுண்துளைகளில் கசியும் நீர் வெளிப்புறத்தில் காயக் காய உள்ளே இருப்பது குளிர்கிறது. காற்று வராத சமையலறை மூலையில் வைத்த பானை குளிராது. ஜன்னலோரம், நிழலில், ஈரமணலின் மேல் வையுங்கள். சோப்புப் போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் துளைகள் அடையாமல் இருக்கும்.

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்கே 36 டிகிரியும் உள்மாவட்டத்து 40 டிகிரி அளவுக்கு வாட்டும். அங்குள்ளவர்கள் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து அசட்டையாக இருக்கக் கூடாது. உள்மாவட்டங்களில் அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால், மின்விசிறி சூட்டுக் காற்றையே மேலே வீசும். தோலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காருங்கள். தளர்ந்த பருத்தி உடையே உடுத்துங்கள். வெளிவேலையைக் காலை 11 மணிக்குள் முடித்து, மாலை 4-க்குப் பிறகு தொடருங்கள்.

யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

பிறந்த குழந்தையின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். முதுமையில் அது பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மங்கிவிடும். ‘வேண்டாம்ப்பா, தாகம் இல்லை’ என்று பாட்டி சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மணிக்கு ஒருமுறை அரை டம்ளராவது கையில் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், தாய் நிறைய நீர் குடிக்கட்டும்.

ஆபத்து அறிகுறிகள்

உடம்பு அனலாகக் கொதிப்பது, பேச்சு குழறுவது, தடுமாற்றம், மயக்கம் ஆகியவை ஹீட் ஸ்ட்ரோக்கின் அடையாளங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆளை நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி உயிருக்கே ஆபத்தாகும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஃப்ரீசரில் கண்ணாடி பாட்டிலை நிரப்பி வைத்தால் வெடிக்கும். செடிகள் வேரால் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதியை இலை வழியே ஆவியாக விட்டுத்தான் தங்களைக் குளிர்வித்துக்கொள்கின்றன. விடியற்காலையில் பாய்ச்சி, காய்ந்த சருகும் தென்னை நார்க்கழிவும் கொண்டு மூடாக்குப் போடுங்கள். மண்ணின் ஈரம் நாள் முழுக்க நிற்கும்.

பூமியின் தண்ணீரில் நன்னீர் 2.5 சதவீதமே. அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது. நமக்குக் கைக்கெட்டுவது மிகச் சொற்பம். அதை வீணாக்காதீர்கள், பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் வெயிலில் வேலை செய்கிறவருக்கு ஒரு செம்பு நீர்மோர் கொடுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரைத் தினமும் இரண்டு வேளை எட்டிப் பாருங்கள். வெயிலால் வரும் மரணம் தடுக்கக்கூடியது. தடுப்பது நம் கையில் இருக்கிறது.