பால்மரக் காட்டிலிருந்து பாசறைக்கு

திருவண்ணாமலை

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நடக்கவிருக்கும் பேச்சுப் போட்டிக்காக, யுத்த காலத்தில் பெண்கள் தங்கள் தேசத்துக்கு ஆற்றிய தொண்டு என்னும் விஷயத்தை நீ தேர்ந்துகொண்டதையும், அதற்கென்று வேலுநாச்சியாரைப் பற்றியும் ஜான்சி ராணியைப் பற்றியும் சேகரித்த குறிப்புகளையும் படித்து மகிழ்ந்தேன். இருவரும் வணங்கத்தக்கவர்கள். ஆயினும் அவ்விருவருக்கும் மீட்பதற்கென்று ஒரு ராஜ்யம் இருந்தது. பாரதத்தில் ஒரு சாண் நிலமும் இல்லாமல், அவர்களுள் பலர் அந்த மண்ணைக் கண்ணால் கண்டதும் இல்லாமல், அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய மலாயாத் தமிழ்ப் பெண்களைப் பற்றி உன் குறிப்பில் ஒரு வரியும் காணோமே!

நம் ஊர் அக்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. மழை பொய்த்து, கடன் முற்றி, ஜீவனத்துக்கு வழியற்றுப் போன குடும்பங்கள் இந்த ஜில்லாவிலிருந்தும் திருச்சி, சேலம், தஞ்சை ஜில்லாக்களிலிருந்தும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பேச்சை நம்பி ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறிப் போய், ரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில் குடியேறின. பொழுது புலருமுன் எழுந்து பால்மரம் வெட்டவும் களை பிடுங்கவும் போன பெண்ணுக்கு, ஆணுக்குக் கொடுத்த சொற்பக் கூலியிலும் குறைவான கூலிதான். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, எதிரில் துரை வந்தால் சைக்கிளிலிருந்து கீழே இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பது. அந்த ஒன்றை அறிந்துகொண்டால், அவர்கள் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார்கள் என்பது உனக்கு விளங்கும்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. மறு ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றுக்கொண்ட சில தினங்களுக்குள்ளாகவே, பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்று கேட்டார். அக்காலத்தில் சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். அவர் வீடு வீடாகச் சென்று திரட்டிய இருபது பெண்கள், ஜூலை 12-ஆம் நாள், சேலை உடுத்திய கோலத்திலேயே கனமான துப்பாக்கிகளைத் தூக்கி நின்று போஸுக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. டாக்டர் லட்சுமி அன்றுமுதல் கேப்டன் லட்சுமி ஆனார்.

படையில் சேர வந்தவர்களுள் வசதியான வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். கோலாலம்பூரில் போஸின் பேச்சைக் கேட்டு, அணிந்திருந்த நகைகளை அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, தந்தையின் சம்மதக் கையெழுத்தையும் பிடிவாதமாக வாங்கிச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது வயது 18. ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா தம் சகோதரியோடு சேர்ந்தபோது 16 வயதுப் பெண், ஏறக்குறைய உன் வயது. ஆனால் படையில் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து வந்தவர்களே. எழுத்தறியாத அப்பெண்கள் ஹிந்துஸ்தானியில் இட்ட கட்டளைகளைப் புரிந்துகொள்ளவும், படிக்கவும், துப்பாக்கி சுடவும், மூட்டை சுமந்து நெடுந்தூரம் நடக்கவும் கற்றார்கள். பலர் நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். ஜாதியும் மதமும் பாராமல் ஒரே சமையலை எல்லாரும் உண்டார்கள். துரைக்கு முன் தலை நிமிர்ந்து நடக்கக்கூடாதென்று வளர்க்கப்பட்டவள் நெஞ்சை நிமிர்த்தி அணியில் நடந்தாள் என்றால், ஒரு குண்டும் சுடுவதற்கு முன்பே அவள் ஒரு யுத்தத்தில் வென்றுவிட்டாள் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே உன்னிடம் மறைக்கக்கூடாத சங்கடமான விஷயம் ஒன்றுண்டு. போஸுக்குத் துணை நின்ற அதே ஜப்பானிய ராணுவம், இதே தோட்டங்களிலிருந்து ஆண்களை ஆயிரம் ஆயிரமாக அள்ளிச் சென்று, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடும் காட்டு வேலையில் பட்டினிக்கும் காலராவுக்கும் பலி கொடுத்தது. கணவனையும் அண்ணனையும் அந்த ரயில் பாதைக்குப் பறிகொடுத்த லயத்திலிருந்துதான் பெண்கள் படையிலும் சேர்ந்தார்கள். உண்ண உணவும் தங்க இடமும் கிடைக்கும் என்று வந்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம்; அதனால் அவர்கள் தியாகம் அணுவளவும் குறையாது. போட்டியில் எவராவது ஜப்பானியரைப் பற்றி வினவினால், தயங்காமல் உள்ளதை உள்ளபடி சொல். வீரத்தைப் போற்றுவதற்காகக் கொடுமையை மூடி மறைப்பது அந்தப் பெண்களுக்கே செய்யும் துரோகமாகும்.

1944-ல் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குப் போயிற்று. இம்பால் முற்றுகை முறிந்து, மழையிலும் மலேரியாவிலும் நலிந்து, புண்பட்ட வீரர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. போர்முனைக்குப் போகத் துடித்த பெண்கள் அங்கே அனுப்பப்படவில்லை. மேமியோவில் இருந்த மருத்துவமனையில், வானத்திலிருந்து குண்டு விழும் அபாயத்துக்கு இடையே, புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். காய்ச்சலில் பிதற்றியவர்களுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். இதைக் கொண்டு, அவர்கள் போரிடவே இல்லையே என்று குறைத்துப் பேசுவோர் உண்டு. முனைக்குப் போகச் சித்தமாக வந்தவள், போகாதே என்ற கட்டளைக்குப் பணிந்து, சீழும் ரத்தமும் நிறைந்த அறையில் பணி செய்வது எளிய காரியமா என்று நீயே யோசித்துப் பார்.

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது அவர்கள் பட்ட துன்பம் பெரிது. பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரங்களுக்குள் ஒளிந்திருந்து, இருட்டிய பின் சேற்றில் நடந்து, சித்தாங் ஆற்றைக் கடந்து, வாரக்கணக்கில் பாங்காக்கை நோக்கிப் போனார்கள். போஸும் அவர்களோடு நடந்தார். ரயிலில் அனுப்பப்பட்ட வேறொரு குழுவின்மீது கொரில்லாக்கள் சுட்டதில் இருவர் மாண்டார்கள். அவர்களுள் ஜோசஃபின் லான்ஸ் நாயக் பதவியில் இருந்தவர், ஸ்டெல்லா சிப்பாய்.

நம் ஊர்த் துர்க்கை அம்மன் கோயிலில் கட்க தீர்த்தம் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். மகிஷனை வதைத்த தேவி, பின்னர் அதே வாளால் நிலத்தைக் கீறி நீரை வரவழைத்தாள் என்று தலபுராணம் கூறுகிறது. யுத்தம் முடிந்த பின்னர் இப்பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை அறியும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்த்தம் நினைவுக்கு வருவதுண்டு. ராசம்மா ஆசிரியையாகி, மலாயாவில் பெண் ஆசிரியர்களின் சங்கத்தை அமைத்து, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். தோட்டத்தில் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் அதுவே அல்லவா? ஜானகி பொதுவாழ்வில் ஈடுபட்டார். 2000-ஆம் ஆண்டில் பாரத அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971-ல் வங்காள தேசத்து அகதிகளுக்கும், 1984-ல் போபால் விஷவாயுவால் பாதிக்கப்பட்டோருக்கும் சிகிச்சை செய்ய ஓடினார். 2012-ல், 97-ஆம் வயதில் காலமானபோது, அவர் விருப்பப்படியே அவருடைய உடல் மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் மீண்டும் பால்மரம் வெட்டினார்கள். பதவியோ பதக்கமோ அவர்களை நாடி வரவில்லை. அவர்களுள் அநேகருடைய பெயர்கூட எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆகையால், உனக்குப் பேசக் கிடைக்கும் நிமிஷங்களை முழுவதும் கேப்டன் லட்சுமிக்கே கொடுத்துவிடாதே. ஜோசஃபின், ஸ்டெல்லா என்ற பெயர்களைத் தெளிவாக உச்சரித்து, அவர்களைப் பற்றிச் சொன்ன பிறகு மற்றவற்றுக்குப் போ. பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. தேதிகளைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். கார்த்திகை தீபத்துக்கு நீ இங்கே வரும்போது, மலேசியாவிலிருந்து கிரிவலத்துக்கு வரும் பாட்டிமார் எவரையாவது கண்டால், அவர்கள் தோட்டத்திலிருந்து அந்தப் படைக்குப் போனவர் உண்டா என்று மரியாதையோடு கேட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்.

உன் அன்புள்ள,
தாத்தா