ஒரு வன்தட்டும் இரு இயங்குதளங்களும்

ஐதராபாத்தின் சைனிக்புரி போன்ற குடியிருப்புகளில் ஒரே நிலத்தை மனைகளாக வகுத்து, எல்லைகளை வரைபடத்தில் குறிப்பர். கணினியின் வன்தட்டும் அவ்வாறே பிரிவுகளாக வகுக்கப்படுகிறது. பழைய முறையில் தட்டின் முதல் 512 பைட்டுகளுள் 64 பைட்டுகளே நான்கு பிரிவுகளின் எல்லைகளைக் குறிக்கும் வரைபடமாகும்.

கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி. வழக்கமாக ஒரு கோப்பே அதற்குத் தட்டாகக் காட்டப்படும். ஒரே கணினியில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் தனித்தனிப் பிரிவுகளில் இருப்பின், விண்டோசை நிறுத்தாமலே லினக்சைத் திறக்க அதன் உண்மைப் பிரிவையே மெய்நிகர் கணினிக்கு அளிக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் இதற்கென ஒரு சிறு விவரக் கோப்பை ஆக்குகிறது. அதில் பிரிவின் தரவு இராது. எப்பிரிவு என்னும் சுட்டும், எல்லை வரைபடத்தின் நகலுமே இருக்கும்.

இடர் இங்கேதான் உள்ளது. ஒவ்வோர் இயங்குதளமும், தான் திறந்த பிரிவு தனக்கே உரியதெனக் கொள்கிறது. கோப்புப் பட்டியலை நினைவகத்தில் வைத்திருந்து பிறகே தட்டில் எழுதுகிறது. இரண்டும் ஒரே பிரிவில் எழுதினால், ஒன்று எழுதியதை அறியாமல் மற்றொன்று அதன்மேல் எழுதிவிடும். ஆண்டு முழுவதும் தொகுத்த மதிப்பெண் பதிவேடு இவ்வாறு சிதையக்கூடும். பெரும்பாலும் உடனே தெரியவும் தெரியாது. உறக்கநிலையில் விடப்பட்ட விண்டோசின் பிரிவும் பயன்பாட்டிலுள்ளதாகவே கருதப்பட வேண்டும்.

ஆகவே முழுத் தட்டையும் அளிக்காமல், லினக்ஸ் பிரிவை மட்டுமே பெயரிட்டு அளித்தல் வேண்டும். அதற்குமுன் தரவின் படியை வேறொரு தட்டில் எடுத்து வைத்தல் இன்றியமையாதது. பின்னர்ப் பிரிவுகளின் எல்லையை மாற்றினால் பழைய விவரக் கோப்பு பொருந்தாது. அதனைப் புதிதாக ஆக்க வேண்டும்.