சீல் மாற்றியும் கசிகிறதா?

எண்ணூரில் ஜேசிபி ஓட்டுகிறேன். பூம் சிலிண்டருக்கு ஒரே வருஷத்தில் மூன்று முறை சீல் கிட் மாற்றியும் ஆயில் கசிகிறது. சீல் மட்டமா?
– ஆபரேட்டர், திருவொற்றியூர்

சீல்மேல் பழி போடாதீங்க தம்பி, ராடைப் பாருங்க. இன்ஜினை நிறுத்தி, ராடைத் துடைத்து, விரல் நகத்தால் நீளவாக்கில் வருடுங்க. நகம் தட்டுகிற இடத்தில் உப்புக்காற்று குரோம் பூச்சை அரித்திருக்கும். அந்தப் புள்ளிதான் அரம்போல சீலை அறுக்கிறது. ராடைக் கழற்றி ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்துவிடுங்க. செலவுதான், ஆனால் மாசாமாசம் அழ வேண்டாம்.

அப்புறம், வேலை முடிந்ததும் ராடுகள் முடிந்தவரை சிலிண்டருக்குள் போகிற மாதிரி வண்டியை நிறுத்துங்க. வெளியே நிற்கிற பகுதிக்கு மெல்லிசாக கிரீஸ் தடவி, காலையில் துடைத்துவிடுங்க. இல்லாவிட்டால் சாம்பல் தூசி அதில் ஒட்டி சீலைத் தின்னும்.

கசிவைக் கையால் தடவித் தேடவே தேடாதீங்க. அட்டையைப் பிடித்துப் பாருங்க. ஊசித்துளையில் பீய்ச்சுகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.