அணுசக்தி நீர்மூழ்கியில் பழைய டார்பிடோ

கேள்வி: ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா கப்பலை மூழ்கடிக்க பிரிட்டன் அரதப் பழைய டார்பிடோவைப் பயன்படுத்தியது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான். 1982 மே 2 அன்று 'ஜெனரல் பெல்கிரானோ'வைத் தாக்கிய 'கான்கரர்', அணுசக்தியில் ஓடும் நவீன நீர்மூழ்கி. அதில் இலக்கைத் தேடிப் போகும் 'டைகர்ஃபிஷ்' டார்பிடோக்களும் இருந்தன. ஆனால், அவை சொதப்பிவிடுமோ என்று கேப்டன் ரெஃபோர்ட் பிரவுனுக்குச் சந்தேகம். அதனால் 1920களில் வடிவமைக்கப்பட்ட 'மார்க் 8' ரகத்தையே எடுத்தார். அதற்கு மூளை கிடையாது. ஏவிய திசையில் நேராக ஓடும், அவ்வளவுதான். ஆகவே எதிரிக் கப்பலின் வேகத்தையும் போக்கையும் கணித்து, அது வந்து சேரும் இடத்துக்குக் குறிவைக்க வேண்டும். பதிலுக்கு, வெடிமருந்து அதிகம். கனத்த கவசமுள்ள கப்பலுக்கு அதுதான் தேவை.

மூன்று ஏவப்பட்டன, இரண்டு தாக்கின. ஒன்று கப்பலின் மூக்கையே பிய்த்தெறிந்தது. மற்றது பின்பக்கம் வெடித்து மின்சாரத்தைத் துண்டித்தது. தண்ணீரை இறைக்க பம்புகள் ஓடவில்லை. 323 பேர் இறந்தார்கள்.

பெல்கிரானோவும் பழசுதான். 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவிடம் இருந்தபோது, 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் கீறல்கூட இல்லாமல் தப்பிய கப்பல் அது!

பிரிட்டன் அறிவித்த 200 கடல் மைல் தடை வளையத்துக்கு வெளியே இருந்த கப்பலை அடித்தது சரியா என்ற சண்டை பிரிட்டனிலேயே பல ஆண்டுகள் நடந்தது. பலன் என்னவோ உடனே தெரிந்தது: அர்ஜென்டினாவின் பெரிய போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்குத் திரும்பின, போர் முடியும்வரை வெளியே வரவில்லை.